ரம்மி திறமை விளையாட்டு என்றால் கூடுமா?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாகத்தான் அழைப்பில் போட்டிருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றைப் பேச வேண்டியதாகிவிட்டது. காரணம், பைத்துல்மாலுக்கு வருகிற விண்ணப்பங்கள். முன்பெல்லாம் கடனை அடைக்க உதவி கேட்டு வருகிறவர்களிடம் "எதற்காக வாங்கிய கடன்?" என்று கேட்டால், ஆஸ்பத்திரிச் செலவு, மகள் கல்யாணம், விசாவுக்குக் கட்டிய பணம் என்று பதில் வரும். இப்போது சில விண்ணப்பங்களில் அந்த இடம் மட்டும் நிரப்பப்படாமல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் விசாரித்தால் தாய் அழுகிறார், மகன் தலை குனிந்து நிற்கிறான். போனில் சீட்டு, இல்லையென்றால் கிரிக்கெட் பந்தயம். அத்தா என்று கூப்பிடுகிற அறந்தாங்கிப் பக்கமும் சரி, வாப்பா என்று கூப்பிடுகிற கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைப் பக்கமும் சரி, இதில் வித்தியாசமில்லை.

தலை குனியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு முடித்த ஒரு தம்பி எங்களிடம் நிமிர்ந்தே சொன்னார்: "சாச்சா, நான் சூது ஆடவில்லை. சூது என்றால் அதிர்ஷ்டம். ரம்மி திறமை விளையாட்டு. ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. திறமையால் சம்பாதிப்பது எப்படி ஹராமாகும்?"

இந்தக் கேள்வியை அதட்டி அனுப்பிவிடக் கூடாது என்பது எங்கள் எண்ணம். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. கோர்ட் அப்படித்தான் சொன்னது. எனவே கோர்ட் என்ன கேட்டது, என்ன சொன்னது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நம் மாநிலத்தின் பழைய சூதாட்டத் தடைச் சட்டம் 1930இல் வந்தது, வெள்ளைக்காரன் காலத்தது. அதில் ஒரு விலக்கு உண்டு. வெறும் திறமையால் ஆடுகிற ஆட்டத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் வழக்குகள் நடந்தன. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றம். அதன் பெயர் கிரசெண்ட், பிறை என்று அர்த்தம், நம் ஆட்கள் பெயர் வைப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை! அங்கே காசு வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1968இல் தீர்ப்பு. மூன்று சீட்டு முழுக்க அதிர்ஷ்டம், ரம்மி அப்படியல்ல. எந்தச் சீட்டு கீழே விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள் நீதிபதிகள்.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரம்மி விளம்பரங்களில் அது வருவதில்லை. காசு வைத்து ஆடுகிற ஆட்டத்திலிருந்து இடத்துக்குச் சொந்தக்காரர் லாபம் எடுப்பதாக நிரூபணமானால், ஆட்டம் ரம்மியாகவே இருந்தாலும் அது குற்றமாகலாம் என்றும் அந்த நீதிபதிகளே சொல்லி வைத்தார்கள். ஒவ்வொரு கையிலும் கமிஷன் எடுக்கிற கம்பெனிகளை வைத்து இதை யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1996இல் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் நம் சென்னை கிண்டி பந்தய விவகாரம்தான். அடுத்து போன் வந்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் உயிரிழப்புச் செய்திகள் வர ஆரம்பித்தன. 2020 நவம்பரில் அன்றைய அதிமுக அரசு அவசரச் சட்டம் போட்டு, 2021இல் அதைச் சட்டமாக்கியது. ஆகஸ்ட் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் திமுக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, சட்டசபையில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றினார்கள், ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. கம்பெனிகள் மீண்டும் வழக்குப் போட்டன. 2023 நவம்பரில் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? அதிர்ஷ்ட ஆட்டங்களுக்குத் தடை செல்லும். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது. வயது, நேரம் போன்ற கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம். தம்பி சொன்ன ஹைகோர்ட் தீர்ப்பு இதுதான்.

இத்தனை வருஷ வழக்கிலும் கோர்ட் முன் நின்ற கேள்வி ஒன்றுதான்: ஜெயிப்பவன் எதனால் ஜெயிக்கிறான், மூளையாலா, விழுகிற சீட்டாலா? சட்டத்தில் அந்த விலக்கு இருப்பதால் கோர்ட் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. நம் மார்க்கம் இந்தக் கேள்வியைக் கேட்கிறதா?

கேட்கிறது. பலரும் நினைப்பது போல இது நம் இமாம்களுக்குத் தெரியாத விஷயமல்ல. சதுரங்கத்தையும் தாயக்கட்டை உருட்டி ஆடும் நர்து என்ற ஆட்டத்தையும் ஷாபி மத்ஹபின் இமாம்கள் பிரித்தே பேசியிருக்கிறார்கள். சதுரங்கத்துக்கு அடிப்படை யோசனையும் கணக்கும். நர்து, கட்டை விழுகிற விதத்தைப் பொறுத்தது. ஆகவே நர்து ஹராம், சதுரங்கம் மக்ரூஹ் என்றார்கள். ஹனஃபி மத்ஹபில் சதுரங்கத்துக்கும் கடுமை அதிகம். (பள்ளிக்கூடத்தில் செஸ் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இப்போதே எழுந்து வர வேண்டாம், கூட்டம் முடிந்ததும் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) திறமை, அதிர்ஷ்டம் என்ற தராசு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தராசைப் பணயம் இல்லாத ஆட்டத்துக்குத்தான் வைத்தார்கள். இரண்டு பக்கமும் காசு வைத்தார்கள் என்றால் தராசுக்கே வேலையில்லை. சதுரங்கமானாலும் அது கிமார். இதில் ஷாபி, ஹனஃபி என்ற கருத்து வேறுபாடே கிடையாது. சதுரங்கத்தில் அதிர்ஷ்டம் என்று ஏதாவது உண்டா? ஒரு குண்டுமணி அளவும் இல்லை. முழுக்க முழுக்க மூளை. அப்படியிருந்தும் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ஆடினால் கூடாது.

ஏன் என்றால், பிக்ஹில் கேட்கப்படும் கேள்வி வேறு. ஜெயித்தவன் கையில் இருக்கிற பணம் யாருடையது? எதற்குப் பதிலாக அது இவன் கைக்கு வந்தது? வியாபாரத்தில் பணம் கைமாறினால் சரக்கு எதிர்ப்பக்கம் போகும். கூலியில் உழைப்பு போகும். அன்பளிப்பில் மனம் போகும். சூதில் தோற்றவன் வீட்டுக்கு என்ன போகிறது? என் ஆதாயம் உன் நஷ்டமாக மட்டுமே இருக்க முடியும் என்ற ஏற்பாட்டில் இருவரும் உட்காருகிறோம். அதுதான் மைஸிர்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கக் கிதாபை விரிக்க வேண்டியதில்லை. மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் தெரியாதவர் இங்கே யார்? பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத் தார் ரோட்டில் விரட்டுகிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கொடிப் பரிசு. அந்தப் பணத்தை ஊர்க்காரர்களும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் நன்கொடையாகத் தருகிறார்கள். தோற்ற வண்டிக்காரர் மாட்டைத் தட்டிக்கொடுத்து ஓட்டிக்கொண்டு போகிறார், அவர் பையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அதே ரோட்டோரம் நாலு பேர் நின்று, எந்த வண்டி முந்தும் என்று ஆளுக்கு ஆயிரம் வைக்கிறார்கள். பந்தயம் ஒன்றுதான், மாடும் ஒன்றுதான். வெளியாள் தருகிற பரிசு வேறு, ரோட்டோரத்து ஆயிரம் வேறு. அந்த நாலு பேரில் ஒருவருக்கு மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஓட்டம் தெரியலாம், முப்பது வருஷ அனுபவம் இருக்கலாம். திறமைதான். அதனால் ரோட்டோரப் பந்தயம் ஹலாலாகிவிடாது.

மாநபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஒரு தூரம், பயிற்சி இல்லாதவற்றுக்கு அதைவிடக் குறைந்த தூரம். புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது வருகிறது. பெரிய மாடு, சின்ன மாடு என்று நாம் பிரிக்கிற மாதிரிதான். திறமையையோ போட்டியையோ இஸ்லாம் வெறுக்கவில்லை. ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றில் பரிசுக்கும் அனுமதி உண்டு. அங்கேகூட, போட்டியாளர் இருவருமே பணம் வைத்தால், பணம் வைக்காத மூன்றாம் ஆள் ஒருவர் ஜெயிக்கும் தகுதியோடு உள்ளே வந்தால்தான் கூடும் என்று மத்ஹபின் இமாம்கள் நிபந்தனை போட்டார்கள். எவ்வளவு கவனம் பாருங்கள்.

இந்த இடத்தில் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. கோடை விடுமுறையில் நீங்கள் நடத்துகிற கிரிக்கெட் டோர்னமென்டில் ஒவ்வொரு டீமிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே முதல் பரிசாகக் கொடுக்கிறீர்கள். அதுவும் இந்தச் சிக்கலுக்குள் வருகிறது என்று உலமாக்கள் சொல்கிறார்கள். கட்டணத்தைப் பந்துக்கும் மைதானத்துக்கும் செலவழியுங்கள். பரிசை வெளியே யாரிடமாவது வாங்குங்கள். ஊரில் தருவதற்கு ஆளா இல்லை?

அரபு நாட்டில் அன்றைக்கு மைஸிர் எப்படி ஆடப்பட்டது என்பது தஃப்ஸீர்களில் விளக்கமாக வருகிறது. ஒட்டகத்தை அறுத்துப் பங்கு போட்டு, பத்து அம்புகளைப் பையில் போட்டுக் குலுக்குவார்கள். ஏழு அம்புக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. பங்கில்லாத அம்பு விழுந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர்கள் என்ன செய்வார்கள்? கறியைத் தின்ன மாட்டார்களாம், ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுவார்கள். பஞ்ச காலத்தில் பல வயிறுகள் அதனால் நிறைந்திருக்கும். அல்பகரா 219ஆம் வசனத்தில் அல்லாஹ் அந்தப் பயனை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பயன் உண்டு, ஆனால் பாவம் அதைவிடப் பெரிது என்ற கருத்தில்தான் அங்கே சொல்கிறான். பிறகு அல்மாயிதா 90, 91 வசனங்களில் முழுமையாகத் தடுத்து, பகையையும், தொழுகையை மறக்கடிப்பதையும் காரணமாகக் காட்டுகிறான். நம் மாநில அரசே 1968இல் லாட்டரி தொடங்கியபோதும் பொதுநலன் என்ற காரணம்தான் சொல்லப்பட்டது. முப்பத்தைந்து வருஷம் நடந்து 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தது. இடையில் நாசமான குடும்பங்களை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறோம்.

லாட்டரியைவிடத் திறமை ஆட்டம் மேல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. லாட்டரிச் சீட்டு விழாவிட்டால் "நம் நசீபு அவ்வளவுதான்" என்று கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ரம்மியில் தோற்றவன் அப்படிப் போவதில்லை. "அந்த ஜோக்கரை முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும், அந்த ஏழை இறக்கியிருக்கக் கூடாது" என்று யோசிக்கிறான். தோல்வியை விதி என்று எடுத்துக்கொள்ளாமல் தன் சின்னப் பிழை என்று எடுத்துக்கொள்கிறான். பிழையைத் திருத்தலாம் அல்லவா? அடுத்த ஆட்டம். இரவு இரண்டு மணி வரை அவனை உட்கார வைப்பது அதிர்ஷ்டத்தின் மீதுள்ள நம்பிக்கை அல்ல, தன் மூளை மீதுள்ள நம்பிக்கை. எங்களிடம் வந்தவர்களில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

கணக்கு என்றதால் ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து உட்காருகிறார்கள். மொத்தம் 600. கம்பெனி நூற்றுக்குப் பதினைந்து எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 90 ரூபாய் போச்சு. ஜெயித்தவருக்கு 510. இதே ஆறு பேர் இப்படி இருபது ஆட்டம் ஆடினால் அவர்கள் வைத்த பணம் 12,000. கம்பெனிக்கு 1,800. ஆறு பேருக்குமாகச் சேர்த்துத் திரும்பி வருவது 10,200. அந்த ஆறு பேரும் மேதைகளாக இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை ஒரு ரூபாய் கூடாது. ஒருவரின் திறமை கூடினால் மற்ற ஐவரின் நஷ்டம்தான் கூடும். திறமைசாலி ஜெயிக்க வேண்டுமென்றால் திறமை குறைந்த ஒருவன் மேசைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அவன் யார்? நேற்று ஆடத் தொடங்கிய, உம்மாவின் வங்கிக் கணக்கைப் போனில் வைத்திருக்கிற ஒரு பையன். லாட்டரி ஆள் பார்த்துப் பிடுங்குவதில்லை. திறமை ஆட்டத்தில் பலவீனமானவனைப் பார்த்துப் பிடுங்குவதற்குப் பெயர்தான் திறமை.

சரி, இப்போது சட்டம் எங்கே நிற்கிறது? 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி போட்டது. ஜூனில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் ஒன்றிய அரசு நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கொண்டு வந்தது, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ஜெயித்தால் பணம் வரும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, நடத்தக் கூடாது. நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம், ஐம்பது லட்சம். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. நாளை தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, 1930இல் தொடங்கிய அந்தக் கேள்வியை நாடாளுமன்றம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பணம் கட்டினாயா என்று மட்டும் கேட்டிருக்கிறது. நம் கிதாபுகளில் இருக்கிற கேள்வியும் அதுதான் என்று தம்பியிடம் சொன்னோம். சிரித்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தியதும் பிரச்சினை தீர்ந்தது என்று பெற்றோர்கள் நினைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பெட்டிங் தளங்கள் இருக்கின்றன, டெலிகிராம் குழுக்கள் இருக்கின்றன, மூன்று நம்பர் லாட்டரியும் ஒளிந்து மறைந்து நடக்கிறது. இவற்றில் ஆடுகிறவருக்கும் நம் மாநிலச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஆன்லைன் சூதாடினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிலர் ஷேர் மார்க்கெட்டின் எதிர்கால, விருப்ப வணிகத்துக்குப் போய்விட்டார்கள். அது கூடுமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024இல் அறிக்கை வெளியிட்டது. அங்கேயும் எல்லாரும் திறமையை நம்பித்தான் போனார்கள்.

இனி நம் வீட்டுக் காரியம். இந்தக் கடனை ஜகாத் பணத்தில் அடைக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. "விதவைக்குச் சேர வேண்டிய பணத்தைச் சூதாடியவனுக்குக் கொடுப்பதா?" என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அத்தவ்பா 60ஆம் வசனத்தில் வருகிற எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பதும் உண்மை. பாவமான காரியத்துக்குக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்கலாமா என்பதில், தவ்பா செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதையே மிகச் சரியான சொல்லாக இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள். மதரஸாவில் ஓதிய நாளில் வாய்ப்பாடு போல் ஒப்பித்துக் கடந்துபோன வரி. இன்றைக்கு ஒரு குடும்பத்தின் கதவை அந்த வரி திறந்துவிடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

உலமாக்களின் ஆலோசனைப்படி முடிவு செய்தது இது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஹஜ்ரத் தனியாக விசாரிப்பார். தவ்பா வாயளவில் போதாது. போனில் உள்ள ஆட்டக் கணக்குகளை முடித்து, ஆறு மாதத்துக்குப் பணப் பரிமாற்றம் வீட்டிலுள்ள ஒரு பெரியவரின் பார்வையில் நடக்க வேண்டும். உதவித் தொகை கையில் தரப்படாது. கடன் கொடுத்தவருக்கு நேராகக் கட்டுவோம். மனைவியின் அல்லது உம்மாவின் நகை அடகில் இருந்தால் அதற்கு முன்னுரிமை; மீட்ட நகை அந்தப் பெண்ணின் கையில்தான் போகும். மகளிர் குழுவில் மகனுக்காகப் பெயர் கொடுத்துவிட்டுத் தவணை கட்ட முடியாமல் நிற்கிற தாய்மார்களின் அசலையும் எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான். இரண்டாம் முறை கேட்டால் பொது நிதியிலிருந்து, அதுவும் குழு கூடித்தான்.

இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். போனில் உடனடிக் கடன் கொடுத்துவிட்டு, போட்டோவை வைத்து மிரட்டுகிற கும்பல்களுக்குப் பயந்து மேலும் பணம் கட்டாதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள், அது சைபர் குற்றத்துக்கான அரசு எண். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், உயிரை வெறுத்தது போல் பேசினால் அன்றைக்குத் திட்டாதீர்கள். 104க்கு அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும், செலவில்லை. கடனை நாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம். இந்த வகை விண்ணப்பங்கள் பொதுப் பதிவேட்டில் ஏறாது, எண் மட்டும்தான் எழுதப்படும். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் ஹஜ்ரத் இருப்பார்கள். பெண்கள் தனியாக வரத் தயங்கினால், பெண்கள் மதரஸாவின் ஆலிமாவிடம் சொன்னால் போதும், தகவல் எங்களுக்கு வந்துவிடும். இந்தத் தவணைக்கான விண்ணப்பங்களை ரஜப் முடிவதற்குள் கொடுத்துவிட்டால் ரமலானுக்கு முன் விசாரணையை முடித்துவிட முடியும்.